நிலுவை உள்ளவர்கள்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் பைலாவை யாரும் படிப்பதில்லை. வீடு வாங்கும்போது பத்திரத்தோடு ஒரு நகல் கையில் வரும். பீரோவில் வில்லங்கச் சான்றிதழுக்கும் வங்கிக் கடன் காகிதங்களுக்கும் நடுவே போய்ப் படுத்துக்கொள்ளும். நிர்வாகக் குழுவுக்கு நிற்க யாருக்குத் தகுதி உண்டு என்று அதில் ஒரு பிரிவு கட்டாயம் இருக்கும். சென்னையில் நான் பார்த்த பைலாக்களில் அந்தப் பிரிவு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுதான். வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். இருவர் பெயரில் இருந்தால், பத்திரத்தில் முதலில் வரும் பெயருக்கே வாக்கு. மெயின்டனன்ஸ் பாக்கி இருக்கக் கூடாது. சிலவற்றில், அங்கேயே குடியிருக்க வேண்டும் என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும். வெளிநாட்டு உரிமையாளர்கள் அதிகமானதும் அந்த வரி மெல்லக் காணாமல் போகும்.

நாட்டு ஜனநாயகத்தைப் பற்றியே பேசி முடியல, இதுல அசோசியேஷன் எலெக்‌ஷனா என்று கேட்கலாம். கேட்பவர் வாடகைக்கு வீடு தேடி அலைந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். தண்ணீர் எத்தனை மணிக்குத் திறப்பது, பேச்சிலர்களுக்கு வீடு விடலாமா, வேலைக்கு வரும் அக்கா எந்த லிஃப்டில் ஏறலாம், மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கும், நாய் வளர்க்கலாமா என்பதையெல்லாம் முடிவு செய்வது சட்டமன்றம் அல்ல. ஏழு பேர் கொண்ட ஒரு குழு. தமிழ்நாட்டில் இந்தச் சங்கங்களில் பெரும்பாலானவை 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அடுக்குமாடி உரிமைக்கென்று 1994இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2022இல் இன்னொன்றும் வந்தன. ஒரு மனிதரின் ஒரு நாளை இவ்வளவு நெருக்கமாகத் தொடும் அதிகாரம் வேறு ஏதும் நகரத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் விதியை எடுத்துக்கொள்வோம். ஏன் உரிமையாளர் மட்டும்?

இதற்குச் சொல்லப்படும் நியாயம் லேசானதல்ல. இழக்கப்போகிறவர்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது அது. லிஃப்டை மாற்ற வேண்டியிருந்தால் லட்சக்கணக்கில் போடப்போவது உரிமையாளர்தான். வாடகைக்கு இருப்பவர் பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தால் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விடலாம். உரிமையாளரின் பெயரில் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு இருக்கிறது, இருபது வருட இஎம்ஐ இருக்கிறது. "அவங்களுக்கு என்ன சார், இன்னிக்கு இருப்பாங்க நாளைக்குப் போயிடுவாங்க" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னால் அதில் திமிர் மட்டும் இல்லை, ஒரு கணக்கும் இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கு பணத்தில் வரும் இழப்பை மட்டும்தான் எண்ணுகிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தபோது, டெக்ஸாஸில் வசித்த உரிமையாளர் இழந்தது என்ன? செலவில் கொஞ்சம் ஏற்றம். அவர் வீட்டில் குடியிருந்த நர்ஸ், இரவுப் பணி முடிந்து காலை எட்டு மணிக்கு வந்து குழாயைத் திறக்கும்போது இழந்தது வேறு. காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடுவது என்று முடிவானால், அந்த முடிவால் பாதிக்கப்படுபவருக்குக் கையைத் தூக்க உரிமை இல்லை. பாதிக்கப்படாதவருக்கு உண்டு. அவர் அதை வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் போட்டு நிறைவேற்றிவிடுவார்.

பத்திரத்தின் முதல் பெயர் என்ற விதி இன்னும் வேடிக்கையானது. சம்ப்பில் எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது, மோட்டார் ஏன் காற்றை இழுக்கிறது, எந்த பிளம்பர் கூப்பிட்டால் வருவார் என்பதெல்லாம் தெரிந்தவர் மனைவியாக இருப்பார். பத்திரம் கணவர் பெயரில். மனைவி மனு கொடுத்தால் செல்லாது. பக்கத்து வீட்டில் பத்திரம் மனைவி பெயரில் இருக்கும், கூட்டத்துக்கு வருவது கணவர். "வீட்டம்மா பேர்லதான் இருக்கு, நான்தான் பாத்துக்கறேன்" என்றால் யாரும் மறுவார்த்தை பேசுவதில்லை. ஊராட்சித் தலைவியின் கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்துச் சிரிக்கிற அதே ஆட்கள்தான் இங்கே இருக்கிறார்கள். தகுதி விதி யாரைத் தடுக்கிறது என்பது விதியில் மட்டும் இல்லை. அதை யாருக்காக வளைக்கச் சம்மதிக்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

இழப்பவருக்கே முடிவெடுக்கும் அறிவு இருக்கும் என்ற நம்பிக்கை எங்கே போய் முட்டும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. ஃபுளோரிடா மாநிலத்தில் சர்ஃப்சைட் என்ற கடற்கரை ஊர், அங்கே சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் கட்டடம், 136 வீடுகள். 2018இல் ஒரு பொறியாளர், நீச்சல் குளத்தை ஒட்டிய தளத்தில் நீர்க்காப்பு கெட்டு, கீழே கான்கிரீட்டில் பெரிய சேதம் இருப்பதாக அறிக்கை கொடுத்தார். பழுதுபார்க்க உரிமையாளர்கள் ஆளுக்குப் பெருந்தொகை போட வேண்டும். கூட்டங்களில் சண்டை. 2019இல் குழுவில் பெரும்பாலானோர் விலகினார்கள். மதிப்பீடு ஏறி ஏறி ஒன்றரைக் கோடி டாலரைத் தொட்டது. 2021 ஜூன் 24 அதிகாலையில் கட்டடத்தின் பெரும்பகுதி சரிந்து விழுந்தது. 98 பேர் இறந்தார்கள்.

தாமதம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தளம் வடிவமைப்பிலேயே பலம் குறைந்தது என்று அரசு விசாரணை சொல்கிறது. என் கவனம் வேறொன்றில் நிற்கிறது. அந்தக் குழுவில் இருந்தவர்களும் அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்களும் உரிமையாளர்கள். அவர்களில் பலர் அங்கேயே வசித்தவர்கள். சொத்தும் உயிரும் ஒரே கூரையின் கீழ். அப்படியும், பணம் போட வேண்டியவர் என்ற நிலையே அவர்களைத் தள்ளிப்போட வைத்தது. இழப்பு பயம் ஒருவரைப் பொறுப்பானவராக ஆக்கும் என்று நினைக்கிறோம். பாதி நேரம் அது அவரைக் கஞ்சனாகத்தான் ஆக்குகிறது. இறந்தவர்களில் வாடகைக்கு இருந்தவர்களும், விருந்தாளிகளாக வந்தவர்களும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பணிப்பெண்ணும் உண்டு. கான்கிரீட் பத்திரத்தில் பெயர் பார்த்து விழுவதில்லை. அதன் பிறகு ஃபுளோரிடாவில் சட்டங்கள் இறுகின. 2024இல் வந்த திருத்தப்படி அடுக்குமாடிக் குழு உறுப்பினர்கள் நான்கு மணி நேரப் பயிற்சி எடுக்க வேண்டும். நான்கு மணி நேரத்தில் கான்கிரீட்டைப் படிக்க முடியாது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது உன் கடமை என்று ஒருவர் சொல்லியாவது ஆயிற்று.

உரிமை, வரி, வசிப்பிடம் என்று நாம் போடும் இந்த விதிகள் எதுவும் புதியதல்ல. சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டரில் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன, 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறித்தவை. குடவோலை என்றால் பள்ளிப் பாடப்புத்தகப் படம்தான் நினைவுக்கு வரும்: ஒரு பானை, சில ஓலைகள், ஒரு சிறுவன். கல்வெட்டின் பெரும்பகுதி பானையைப் பற்றியது அல்ல. பானைக்குள் யார் பெயர் போகலாம், யார் பெயர் போகக் கூடாது என்பதைப் பற்றியது.

போகலாம் என்பவரின் பட்டியல் நம் பைலாவின் பாட்டன். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் விளக்கத் தெரிந்தவருக்கு நிலம் அதில் பாதி இருந்தாலும் போதும், படிப்புக்கு நிலத்தில் தள்ளுபடி! நேர்வழியில் சம்பாதித்தவராக இருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முப்பது குடும்புகளிலிருந்து குடும்புக்கு ஒருவர். அவர்களிலிருந்து ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம். பதவி 360 நாள்.

இதைத் தமிழனின் ஜனநாயகம் என்று மேடையில் முழங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அது பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட ஊரின் சபை. நிலத்தை உழுதவர் பெயர் பானைக்குள் போகவில்லை. ஏரித் தண்ணீர் யாருடைய உழைப்பால் நெல்லாயிற்றோ அவருக்கு ஏரி வாரியத்தில் இடம் இல்லை. பெண்களும் வெளியே. முழங்குவதற்கு முன்னால் இதை ஒரு வரி சொல்லிவிடுவது மரியாதை.

ஆனாலும் இரண்டாவது பட்டியல், போகக் கூடாதவர் பட்டியல், என்னைத் திரும்பத் திரும்ப அங்கே இழுக்கிறது. மகாபாதகம் செய்தவர், திருடியவர், தீண்டத்தகாததைத் தின்றவர் என்று அந்தக் காலத்துச் சாதி ஒழுக்கம் நிறைந்த பட்டியல்தான். அதில் தலைமாடாக நிற்பது வேறு ஒருவர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர். அவர் மட்டுமல்ல. அவர் தந்தை, மகன், மாமனார், மருமகன், மாமன், சகோதரியின் கணவர், சகோதரியின் மகன், பெரியம்மா சித்தி மகன்கள் வரை யார் பெயரும் பானைக்குள் போகக் கூடாது. அப்பன் செய்ததற்கு மகனைத் தண்டிப்பது நமக்கு நியாயமாகப் படாது. அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்த ஒன்று அதில் இருக்கிறது. கணக்கு எப்போதும் ஒரு ஆளோடு காணாமல் போவதில்லை, ஒரு குடும்பத்தோடுதான் போகிறது. செக்ரட்டரி விலகி, அடுத்த வருடம் அவர் மச்சான் ட்ரெஷரர் ஆவதை நாமும் பார்க்கிறோம்.

முதல் பட்டியல் நீ யார் என்று கேட்கிறது. இரண்டாவது நீ என்ன செய்தாய் என்று. நம் பைலாக்கள் முதல் கேள்வியை அப்படியே சுவீகரித்துக்கொண்டன. வேதத்துக்குப் பதில் விற்பனைப் பத்திரம். இரண்டாவது கேள்வியிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டன: பாக்கி வைத்தாயா?

பாக்கி விதியும் பார்க்க நியாயமானதுதான். பொதுச் செலவுக்குத் தன் பங்கைக் கொடுக்காதவர் பொதுப் பணத்தை எப்படிக் கையாள்வார்? இதே தர்க்கத்தை ஹரியானா 2015இல் ஊராட்சித் தேர்தலுக்குக் கொண்டுவந்தது. கூட்டுறவுக் கடன் நிலுவை, மின்கட்டண நிலுவை இருந்தால் நிற்கக் கூடாது. வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும். ஆண்கள் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அதைவிடக் குறைவு. ராஜ்பாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரில் இதைச் சரி என்றது. எது சரி எது தவறு என்று பிரித்தறியும் ஆற்றலைக் கல்விதான் மனிதருக்குத் தருகிறது என்ற பொருளில் அந்தத் தீர்ப்பில் ஒரு வாக்கியம் வரும். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாம் தினமும் பார்க்கும் படித்த மோசடிகளை அந்த நீதிபதிகள் பார்த்ததில்லையா? ஹரியானாவில் கடன் பாக்கி வைத்திருந்தவர் யார் என்றால், விளைச்சல் பொய்த்த விவசாயி. ஏழ்மையை ஒழுக்கக்கேடு என்று பெயர் மாற்றிவிட்டால் பிறகு தகுதி விதி எழுதுவது சுலபம். சொத்து வரியும் நிலவரியும் கட்டியவருக்கே வாக்கு என்றிருந்த பிரிட்டிஷ் காலத்திலிருந்து வெளியே வந்துதான் 1951-52இல் வயதுவந்த எல்லோரும் வாக்களித்தோம். பின்கட்டு வழியாக அந்தப் பழைய விருந்தாளி மறுபடி உள்ளே வருகிறார்.

அப்பார்ட்மென்டில் ஏழ்மை அவ்வளவாக இல்லை. அங்கே பாக்கி வேறு காரணங்களுக்காகவும் விழும். தாம்பரம் பக்கம் 38 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எல்லோருக்கும் டீச்சர். கார்பஸ் ஃபண்டிலிருந்து ஒரு ஜெனரேட்டர் வாங்கினார்கள். மூன்று கொட்டேஷன் வாங்கினீர்களா என்று டீச்சர் குரூப்பில் கேட்டார். "நோட்டட் மேடம்" என்று பதில். இரண்டு வருடமாகப் பொதுக்குழுவில் கணக்கு வைக்கவில்லையே என்று கேட்டார். "ஆடிட்டர்கிட்ட இருக்கு மேடம்." ஆடிட்டர் யார் என்று கேட்டார். அதற்கு யாரோ ஒரு காலை வணக்கப் படம் போட்டார்கள். கணக்கு வரும்வரை மெயின்டனன்ஸ் தர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீச்சர் நிறுத்தினார். ஐந்து மாதம், மாதம் 3,500 ரூபாய். அடுத்த தேர்தலில் ட்ரெஷரர் பதவிக்கு மனு போட்டார். பாக்கி 17,500 ரூபாய் இருப்பதால் தகுதி இல்லை என்று நிராகரித்தார்கள். நிராகரித்தது இரண்டு வருடமாகக் கணக்குக் காட்டாத அதே குழு.

விதிப்படி அவர்கள் செய்தது சரி. டீச்சர் செய்ததும் முழுக்கச் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் நிறுத்திய பணம் குழுவின் பணம் இல்லை. வாட்ச்மேனுக்குச் சம்பளம் அதிலிருந்துதான் போகிறது, லாரித் தண்ணீர் அதில்தான் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பணத்தில் ஐந்து மாதம் லிஃப்டில் ஏறி இறங்கியிருக்கிறார். ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கட்டியிருக்கலாம். சங்கங்களின் பதிவாளரிடம் போயிருக்கலாம். ஆண்டுக் கணக்கை அங்கே தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எதிர்த்து நிற்பவரும் தன் பங்கைக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும் என்றே நினைக்கிறேன். காந்திய வழியில் வரி மறுத்தவர்கள் அதற்கான தண்டனையையும் ஏற்றுக்கொண்டார்கள். டீச்சர் தேர்தல் தகுதியை இழந்ததை அப்படியொரு தண்டனையாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம்.

ஆனால் தராசின் மறுதட்டில் எதுவும் வைக்கப்படவில்லையே. ஐந்து மாதப் பணம் கொடுக்காதது தகுதியிழப்பு. இரண்டு வருடக் கணக்கைக் கொடுக்காதது தகுதியிழப்பு இல்லை. 38 பேருக்கும் சேர வேண்டிய ஒன்றை நிறுத்தி வைத்திருப்பவர்தான் பெரிய நிலுவைதாரர். பைலாவில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் கல்லில் வெட்டத் தோன்றியது, கம்ப்யூட்டரில் டைப் அடித்தவருக்குத் தோன்றவில்லை. பைலாவை எழுதுவது பெரும்பாலும் பில்டரின் வக்கீல். அவருக்கு வசூலைப் பற்றித்தான் கவலை.

பழைய ஏதென்ஸில் பதவிக்கு வருமுன் ஒரு விசாரணை உண்டு. பெற்றோரை நன்றாக வைத்துக்கொள்கிறாயா, வரி கட்டுகிறாயா, போருக்குப் போனாயா என்றெல்லாம் கேட்பார்கள். பதவி முடிந்ததும் இன்னொரு விசாரணை, கணக்கு. உள்ளே வரும்போது கேட்கும் கேள்விகளில் மனிதர்கள் எப்போதும் உற்சாகமாக இருப்பார்கள், அதில் அடுத்தவனின் ஒழுக்கத்தை அளக்கும் சுகம் இருக்கிறது. வெளியே போகும்போது கேட்பதற்குத்தான் உழைப்பு வேண்டும். ரசீதுகளைப் புரட்ட வேண்டும், ஜெனரேட்டர் விலையை விசாரிக்க வேண்டும், தினமும் லிஃப்டில் பார்க்கும் முகத்தைப் பார்த்து இது இடிக்கிறதே சார் என்று சொல்ல வேண்டும். அந்தச் சங்கடத்தைத் தவிர்க்கத்தான் வாசலில் இவ்வளவு விதிகள் போடுகிறோமோ என்று சந்தேகமாக இருக்கிறது.

தகுதியைப் பற்றி இவ்வளவு பேசினாலும், நிற்க ஆளே இல்லை என்பதுதான் பொதுக்குழுவின் உண்மை நிலவரம். 38 வீட்டில் 11 பேர் வருவார்கள். கோரம் இல்லை. அரை மணி நேரம் ஒத்திவைத்து, அதே நாற்காலிகளில் அதே 11 பேரோடு மறுபடி கூடுவார்கள். "யாராவது முன்வாங்க சார், நான் ஒம்பது வருஷமா மாரடிக்கறேன்" என்று செக்ரட்டரி சொல்வார். அதில் பாதி உண்மை. இரவு பதினொரு மணிக்கு மோட்டார் எரிந்தால் போனை எடுப்பவர் அவர்தான். திட்டு வாங்குபவரும் அவர்தான். கணக்குக் காட்டாத செக்ரட்டரிகள் எல்லோரும் திருடர்களும் அல்ல. பலருக்கு நேரம் இல்லை, கணக்கு எழுதத் தெரியாது, கேட்டால் அவமானமாக இருக்கிறது. இவ்வளவு செய்யற நம்மளையே சந்தேகப்படறாங்களே என்ற கோபம் ஒருவரை எவ்வளவு எளிதாக மூடிக்கொள்ள வைக்கும் என்று எனக்குப் புரிகிறது. அதற்கு மருந்தும் உத்திரமேரூரிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு முறை இருந்தால் மூன்று வருடம் விலகி இரு. மீதிப் பேர் பெயரைப் பானையில் போடு. தேர்தல் சிலராட்சிக்கும் குலுக்கல் ஜனநாயகத்துக்கும் உரியவை என்பதை அரிஸ்டாட்டிலும் எழுதியிருக்கிறார். குலுக்கலில் வந்தவர் சோம்பேறியாக இருக்கலாம். ஆனால் யாரும் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைக்க முடியாது. அடுத்து உட்காரப்போவது யார் என்று தெரியாதபோது கணக்கைச் சுத்தமாக வைத்துக் கொடுக்கத் தோன்றும்.

பானைக்குள் குடியிருப்பவர் பெயரும் போக வேண்டுமா? போகலாம் என்பேன், தண்ணீர், லிஃப்ட், காவல் போன்ற அன்றாட விஷயங்களுக்கு. கட்டடத்தை இடித்துக் கட்டுவது, கார்பஸ் ஃபண்டை எடுப்பது போன்றவற்றை உரிமையாளர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பாதி வீடுகளிலாவது வாடகைக்காரர்கள் இருந்தால் அவர்கள் ஒரு பிரதிநிதியைக் குழுவுக்கு அனுப்பலாம். பேசலாம், வாக்கு கிடையாது. அரை நாற்காலிதான். நம் ஊரில் இப்போதைக்கு வாடகைக்காரரை வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ப்பதே விவாதப் பொருள்.

டீச்சர் 17,500 ரூபாயையும் காசோலையாகக் கட்டிவிட்டார். முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்குழுவில் வைக்காத குழுவின் உறுப்பினர்கள் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது என்று ஒரே ஒரு வரியை பைலாவில் சேர்க்க மனு கொடுத்திருக்கிறார். அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், 11 பேரை வைத்து ஆகாது. வெளிநாட்டில் இருக்கும் ஒன்பது உரிமையாளர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். மூன்று பேர் பதில் போட்டிருக்கிறார்கள். இருவர் சம்மதம். மூன்றாமவர், அந்த ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ என்று கேட்டிருக்கிறார்.